பூம்புகார் போகாத கதை

பெரிய லீவு விட்டால் போதும், எங்கள் வீட்டில் "கடலுக்குப் போகலாம்" என்ற பல்லவி ஆரம்பித்துவிடும். கும்பகோணத்துக்காரர்களுக்கு ஆறு உண்டு, குளம் உண்டு (தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்!). கடல் கிடையாது. 2023 மே மாதம் என் பெண்ணின் தொணதொணப்புத் தாங்காமல் என் கணவர் அறிவித்தார்: "ஒரே நாள். விடியற்காலை கிளம்பறோம், பூம்புகார் பார்க்கறோம், மத்தியானம் வீட்டுக்கு வந்துடறோம்."

அவர் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முந்தின நாள் ராத்திரி சமையலறையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? புளியோதரை, தயிர்சாதம், மாவடு, முறுக்கு, ஃப்ளாஸ்கில் பால், இரண்டரை வயசுப் பையனுக்கு ஐந்து செட் சட்டை. எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சீட்டில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாயவரத்தை நெருங்கும்போது பின் சீட்டிலிருந்து அத்தை, "தம்பி, இங்கேருந்து திருக்கடையூர் கிட்டத்தானே? ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமா?" என்றார்.

என் மாமியார் லேசில் எதையும் கேட்கிறவர் இல்லை. அதனால் இவர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பிவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. பூம்புகார் ஒரு பக்கம், திருக்கடையூர் இன்னொரு பக்கம். வெயில் ஏறுவதற்குள் கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் போட்ட கணக்கெல்லாம் போச்சு!

திருக்கடையூரில் என்றைக்குப் போனாலும் கல்யாணக் கூட்டம்தான். மார்க்கண்டேயனுக்காகச் சுவாமி யமனையே காலால் உதைத்த ஸ்தலமாயிற்றே. அறுபது, எண்பது நிறைந்தவர்கள் ஆயுளுக்கு வேண்டிக்கொண்டு இங்கே வந்து மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். பிராகாரம் பூராவும் ஹோமப் புகை, கலசங்கள், பட்டுப்புடவைப் பாட்டிகள். "தாத்தா பாட்டிக்கெல்லாம் ஏம்மா கல்யாணம்?" என்று என் பெண் வாயைப் பிளந்தாள். அத்தை ஒரு தூண் ஓரமாக நின்று ஒரு ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபிராமி சன்னதிக்கு மட்டும் "நீங்க வெளியில இருங்க, கூட்டமா இருக்கு" என்று தனியாகப் போய்விட்டு வந்தார். வெளியே வரும்போது பத்தரை.

வடக்கே பூம்புகாரை நோக்கித் திரும்பினோம். கொஞ்ச தூரத்திலேயே பாலம் வேலை என்று பாதையை அடைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் ஊருக்குள் புகுந்து போகச் சொன்னார். புகுந்தோம்... புகுந்துகொண்டே இருந்தோம்! வயல் போய்ப் பனைமரம் வந்தது. பனைமரம் போய் மணல் வந்தது. காற்றில் கருவாட்டு வாசனை வந்தது. தார் ரோடு மட்டும் வரவில்லை. அப்போதுதான் பையன் என் மடியில் வாந்தி எடுத்தான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி. அப்புறம் தலையை என் தோளில் போட்டவன் நிமிரவே இல்லை.

பயம் வந்தால் நாக்குக்குக் கட்டுப்பாடு ஏது? "அந்தக் கூட்டத்துலயும் புகையிலயும் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்தினா வேற என்ன ஆகும்? நேரே பூம்புகார் போயிருந்தா..." என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அத்தை பதில் பேசவில்லை. வண்டிக்குள் ஒருவருமே பேசவில்லை.

மீனவர் குடியிருப்பு ஒன்றில், வலை காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினோம். பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். சீட்டில் விட்டுப்போனது என்ன தெரியுமா? ஓ.ஆர்.எஸ். பாக்கெட்! ஐந்து சட்டை இருந்தது, அது இல்லை.

அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "வாங்கக்கா, நெழலுக்கு வாங்க. இப்பத்தான் சோறு வடிச்சேன்" என்று வடிகஞ்சியில் உப்புப் போட்டு, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்தாள். அவசரமாய் நான் அதை அவன் வாயில் புகட்டப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார். "பத்து நிமிஷம் போகட்டும். அப்புறம் ஸ்பூன் ஸ்பூனா." சொன்னபடியே, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அவசரப்பட்டு ஒரேயடியாய்க் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும் என்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

அரை மணி கழித்து அந்தப் பெண்ணே வழி சொல்ல, தெற்கே வந்து ஒரு டாக்டரைப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

பெற்றவள் நான் விழித்தேன். "கோயில் வாசல்ல, எட்டே முக்காலுக்கு" என்றார் அத்தை.

வெயிலும் வண்டிக் குலுக்கலும்தான் காரணமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பாக்கெட் கையில் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூன் அளவில் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கண்ணளவு கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை ருசிக்காக அல்லவாம். குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ள அதுதான் உதவுகிறதாம். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைக் குடிக்கக் கொடுத்தே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார் என்றும் சொன்னார். குழந்தை அழுதாலும் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் ஓட வேண்டும். இவர் ஆசையாக வாங்கிவந்த கலர் சோடாவை மட்டும் டாக்டர் தொடக்கூட விடவில்லை.

"இந்த வெயில்ல உடனே கிளம்பாதீங்க" என்றதால் அங்கேயே நிழலில் உட்கார்ந்தோம். மூன்று மணிக்குப் பையன் எழுந்து, இவர் சட்டை மேலேயே... நனைந்தவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்று கூட இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை!

பூம்புகார் இல்லை என்றானதும் பெண் அழ ஆரம்பித்தாள். தரங்கம்பாடிதான் பக்கம். வெயில் தாழ அங்கே போனோம். 1620-ல் டென்மார்க்குக்காரர்கள் கட்டின மஞ்சள் நிறக் கோட்டை. எதிரே கடல். 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்களாம். "ஊரை விக்க முடியுமாப்பா?" என்று கேட்டு அப்பாவைத் திணறடித்தாள். கரையோரம் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. 2004 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. அன்றைக்கு அந்தக் கடல் என் பையன் போலவே சாதுவாகப் படுத்திருந்தது.

அப்பாவும் பிள்ளைகளும் அலையோரம் போக, நானும் அத்தையும் மணலில் உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு வெச்சேன். அறுபது நெறஞ்சா அபிராமி சன்னதியில வந்து மாலை மாத்திக்கறோம்னு. அவர் அம்பத்தெட்டுலயே போயிட்டார்."

அது 2014-ல். ஒன்பது வருஷமாக அந்த முடிப்பு அவர் அரிசிப் பானைக்குள் இருந்திருக்கிறது. எத்தனை தடவை அந்தப் பானையில் நான் கைவிட்டிருப்பேன்!

"வேண்டிக்கிட்டது நடக்கல. அதுக்காக அவளுக்குன்னு முடிஞ்ச ரூபாயை நானே வெச்சுக்க முடியுமா? இந்தப் பக்கம் வந்தா போட்டுடணும்னு இருந்தேன். கொழந்தைக்குத்தான் ஆகாமப் போச்சு..."

"அதெல்லாம் இல்ல அத்தை" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தொண்டையிலிருந்து வார்த்தை வரவில்லை. எழுந்து காருக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்தேன். தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது, புளியோதரை தாக்குப் பிடித்திருந்தது. இலையில் வைத்து முதலில் அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாய் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "உப்பு ஒரு கல்லு கம்மிம்மா."