இயங்க மறுக்கும் ஐபிஎம் 5150: ஒரு பழுதின் மூலத்தைத் தேடி

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் அறிமுகமான ஐபிஎம் 5150 கணினி, பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்தபின் மின்விசையைப் போட்டும் இயங்காமற்போகும்போது, அதன் செயலி எரிந்துவிட்டது என்றோ தாய்ப்பலகையே பயனற்றுப் போயிற்று என்றோ முடிவுகட்டிவிடுவது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது. மதர்போர்டு எனப் பரவலாக அறியப்படும் தாய்ப்பலகை என்பது செயலியையும் நினைவகச் சில்லுகளையும் தாங்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் மின்சுற்றுப் பலகை ஆகும். இப்பழுதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து சென்றால், அது பல வேளைகளில் அப்பலகையின் ஓரத்தில் மிளகைவிடச் சற்றே பெரிதாக நிற்கும் துளி வடிவ உறுப்பு ஒன்றில் சென்று முடிகிறது. எனினும் கெட்ட உறுப்பைக் கண்டுபிடிப்பதோடு தேடல் நிறைவடைவதில்லை. அவ்வுறுப்பு ஏன் கெட்டது, அது கெட்டால் கணினி முழுவதும் ஏன் அடங்கிவிட வேண்டும் என்னும் இரு வினாக்களும் அக்கணினி பிறந்த காலத்திற்கும் அதற்கு முந்தைய காலத்திற்கும் இட்டுச் செல்கின்றன.

இத்தேடலுக்குக் கைகொடுக்கும் முதன்மைச் சான்று, ஐபிஎம் நிறுவனமே விற்பனைக்கு வெளியிட்ட தொழில்நுட்பக் குறிப்பேடு ஆகும். தாய்ப்பலகையின் மின்சுற்று வரைபடங்களும், கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் முழுப் பட்டியலும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. புளோரிடா மாநிலத்துப் போக்கா ராட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு, சந்தையில் ஏற்கெனவே கிடைத்த உறுப்புகளைக் கொண்டே ஏறத்தாழ ஓராண்டுக்குள் இக்கணினியை உருவாக்கியது. பிற நிறுவனங்களும் இதற்கான அட்டைகளைத் தயாரிக்க இடமளிக்கும் வகையில் அதன் உள்ளமைப்பு வெளிப்படையாக வைக்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் ஒத்த கணினிகளைச் செய்ய அந்நூல் துணைநின்ற வரலாறு அடிக்கடி பேசப்படுகிறது. நாற்பதாண்டுகளுக்குப் பின்னரும் பலகையின் எந்தக் கோடு எந்த உறுப்பைச் சென்றடைகிறது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும் ஆவணம் என்ற வகையில் அதற்குள்ள மதிப்பு, அவ்வரலாற்றுக்குச் சிறிதும் குறைந்ததன்று. பூட்டி ஒட்டி விற்கப்படும் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய ஆவணம் பொதுமக்கள் கையில் கிடைப்பதில்லை என்பதை எண்ணும்போது, இடைக்காலத்தில் நேர்ந்த இழப்பு பெரிதாகவே தோன்றுகிறது.

அக்குறிப்பேட்டின்படி 5150இன் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய குறைந்த அழுத்த நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் இப்பெட்டியைப் பழுதுபார்ப்போர் எஸ்எம்பிஎஸ் என்பர். அது 5 வோல்ட்டில் 7 ஆம்பியரும், 12 வோல்ட்டில் 2 ஆம்பியரும், எதிர் 5 வோல்ட்டில் 0.3 ஆம்பியரும், எதிர் 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியரும் தருகிறது. இவற்றின் பெருக்கங்களைக் கூட்டினால் அந்த 63.5 வாட் சரியாக வந்துவிடுகிறது. இங்குக் கருத்தில் கொள்ள வேண்டியது அதன் பாதுகாப்பு ஏற்பாடே. ஏதேனும் ஒரு கோட்டில் வரம்பு மீறிய மின்னோட்டமோ மின்னழுத்தமோ தோன்றினால், அக்குறை நீங்கும்வரை மின்வழங்கி தானாகவே அனைத்து வெளியீடுகளையும் நிறுத்திக்கொள்ளும். ஆகவே 5150இன் மௌனத்தைச் செயலிழப்பின் அடையாளமாக மட்டும் கொள்ளலாகாது. ஆபத்தை உணர்ந்த மின்வழங்கி வகுத்தபடியே கடமையைச் செய்துகொண்டிருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். இந்த வேறுபாட்டை உணராத காரணத்தால், நல்ல நிலையிலுள்ள மின்வழங்கிகள் கெட்டவை எனக் கழிக்கப்படுவது வருந்தத்தக்கது.

இத்தகைய மின்வழங்கி ஐபிஎம் கணினியோடு தோன்றியதன்று. முந்தைய நேரியல் மின்வழங்கிகளில், வினாடிக்கு 50 அல்லது 60 சுழற்சி கொண்ட வீட்டு மின்சாரத்தை இரும்பு உள்ளகம் கொண்ட கனத்த மின்மாற்றி ஒன்று குறைத்துத் தர, மிகுதியான மின்னாற்றல் வெப்பமாக வீணாயிற்று. மாறாக, வீட்டு மின்சாரத்தை அப்படியே உயரழுத்த நேர்மின்னோட்டமாக்கி, அதை டிரான்சிஸ்டர்களால் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய ஃபெரைட் மின்மாற்றி வழியாகச் செலுத்துவதே மாற்றுமுறை. எடையும் இடமும் அருமையாக இருந்த விண்வெளிக் கலங்களிலும் படைத்துறைக் கருவிகளிலும் 1960களில் வேரூன்றிய இம்முறையை, 1970களில் ராபர்ட் போஷர்ட் போன்றோர் மலிவாக்கினர். வெட்டும் வேகத்தையும் அளவையும் கட்டுப்படுத்தும் எஸ்ஜி1524 என்னும் ஒற்றைச் சில்லு 1976இல் வந்தது. 1977இன் ஆப்பிள் 2 கணினிக்காக ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி சிறந்ததே எனினும், பின்வந்த கணினிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே என்னும் பரவலான கூற்று, இந்த முன்வரலாற்றை நோக்க, ஏற்கத்தக்கதாக இல்லை.

இனி, தேடலின் நடைமுறைக்கு வரலாம். 5150இன் பின்புறத்தில் ஐபிஎம் 5151 என்னும் ஒருநிறத் திரைக்கு மின்சாரம் தரும் துளை ஒன்று மின்வழங்கியிலேயே அமைந்துள்ளது. அதில் மின்சாரம் வருமாயின் கம்பியும் மின்விசையும் பழுதற்றவை என்று கொள்ளலாம். விசிறி சுழல்வதை அவ்வாறு சான்றாகக் கொள்ள இயலாது. சில மின்வழங்கிகளில் விசிறி வீட்டு மின்சாரத்திலேயே நேரடியாக ஓடக்கூடும். அடுத்து, ஸ்லாட்டுகளில் செருகப்பட்ட அட்டைகளையும் வட்டு இயக்கிகளின் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அகற்றி, ஒவ்வொரு முறையும் மின்விசையைப் போட்டுப் பார்த்தால், குறை பலகையிலா துணை உறுப்பிலா என்பது பிரிந்துவிடும். ஆயினும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மின்வழங்கியைத் தனியே சோதிப்பது பொருளற்றது. அக்காலத்து மின்வழங்கிகளுக்கு ஒரு குறைந்தபட்சச் சுமை தேவைப்பட்டது. இதை ஐபிஎம் நன்கறிந்திருந்தது என்பதற்கு, 1984இல் வெளிவந்த ஏடி கணினியை வன்வட்டு இல்லாமல் விற்றபோது, அதன் இடத்தில் 5 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைப் பொருத்தி அனுப்பியமையே சான்று. மின்வழங்கியின் மூடியைத் திறப்பது மட்டும் பயிற்சியற்றோர்க்கு உரியதன்று. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகளில் நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

குறை தாய்ப்பலகையில்தான் என்று தெரிந்தபின், மின்வழங்கியைப் பலகையோடு இணைக்கும் பி8, பி9 என்னும் இரு இணைப்பிகளையும் கழற்றிவிட்டு, பலகையின் ஒவ்வொரு மின்கோட்டுக்கும் தரைக்கும், அதாவது எல்லா மின்னோட்டமும் திரும்பிச் சேரும் பொதுக் கோட்டுக்கும், இடையிலுள்ள தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பி8இன் மூன்றாம் ஊசி 12 வோல்ட்டுக்கு உரியது. அங்கு ஒன்றிரண்டு ஓம் மட்டுமே காட்டுமாயின், மின்னோட்டம் வேலை எதுவும் செய்யாமல் நேராகத் தரைக்குப் பாயும் குறுக்குச்சுற்று உண்டாகியுள்ளது என்று பொருள். 5150, அதன் பின்வந்த எக்ஸ்டி ஆகிய இரண்டிலும் இக்கோட்டில்தான் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. காரணம் பெரும்பாலும் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று குறிக்கப்பட்ட டான்டலம் மின்தேக்கி. மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, தேவை திடீரென உயரும்போது ஈடுகொடுத்து, மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் உறுப்பாகும்.

திண்ம டான்டலம் மின்தேக்கி 1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருப்பெற்றது. டிரான்சிஸ்டர்களின் குறைந்த மின்னழுத்தத்திற்கு ஏற்ற, சிறிய, உலர்ந்து போகாத மின்தேக்கி அன்று தேவைப்பட்டது. டான்டலம் உலோகத் தூளை அழுத்திச் சுட்டுத் துளைகள் நிறைந்த கட்டியாக்கி, மின்வேதி முறையில் அதன் பரப்பெங்கும் ஆக்சைடுப் படலத்தை வளர்த்து, துளைகளை மாங்கனீசு டை ஆக்சைடால் நிரப்புவர். ஒரு மைக்ரானின் சிறு பின்னமே தடிப்புள்ள அந்த ஆக்சைடுப் படலம்தான் இருபுறத்து மின்னூட்டங்களையும் பிரித்து நிற்கிறது. படலத்தில் நுண்ணிய பழுது தோன்றி அங்கு மின்னோட்டம் கசிந்தால், அவ்விடம் சூடேறி, அங்குள்ள மாங்கனீசு டை ஆக்சைடு ஆக்சிசனை இழந்து, மின்னோட்டத்தை எளிதில் கடத்தாத வேறோர் ஆக்சைடாக மாறிப் பழுதை அடைத்துவிடுகிறது. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் இப்பண்பு உண்மையிலேயே வியப்பிற்குரியது. ஆனால் தடையின்றிப் பல ஆம்பியர்களைப் பாய்ச்சவல்ல மின்வழங்கியோடு நேராக இணைக்கப்பட்ட இடத்தில் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. பழுது விரிந்து குறுக்குச்சுற்றாகிறது, சில வேளைகளில் வெளிப்பட்ட ஆக்சிசனிலேயே டான்டலம் தீப்பற்றி எரிகிறது. நெடுநாள் ஓய்ந்திருந்த கணினியில் முதன்முதலாக மின்விசையைப் போடும் நொடி இதனால்தான் அபாயமானதாகிறது.

இத்தகைய இடங்களில் குறிக்கப்பட்ட மின்னழுத்தத்தில் பாதியளவுக்கே டான்டலம் மின்தேக்கியைப் பயன்படுத்த வேண்டும் என்பது இன்று பொதுவான பரிந்துரை. 12 வோல்ட் கோட்டில் வைத்த 16 வோல்ட் மின்தேக்கியோ, தன் வரம்பில் நான்கில் மூன்று பங்கை இடையறாது தாங்கி நிற்கிறது; 5 வோல்ட் கோட்டில் அதே மின்தேக்கி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாங்கும். முதற்பெரும் பழுது 12 வோல்ட் கோட்டில் தோன்றுவதன் மூலம் இந்த எளிய கணக்கில் அடங்கியுள்ளது. இதைக் கொண்டு போக்கா ராட்டன் பொறியாளர்களைக் குறைகூறுவது முறையாகாது; சில ஆண்டுகள் அலுவலகத்தில் உழைத்தாற் போதும் என்று கருதப்பட்ட கருவியை அவர்கள் நாற்பதாண்டுக் கணக்கில் எடைபோட்டிருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பன்று.

ஒரே கோட்டிலுள்ள மின்தேக்கிகள் யாவும் இணையாகப் பிணைந்திருப்பதால், எதை அளந்தாலும் குறுக்குச்சுற்றாகவே தோன்றும். பழுதுற்ற மின்தேக்கி கருகியோ வெடித்தோ இல்லாதபோது, மின்னோட்டத்திற்கு வரம்பிட்ட ஆய்வக மின்வழங்கியால் ஒரு வோல்ட் அளவில் அக்கோட்டுக்கு மின்சாரம் செலுத்தினால் பழுதுற்றது மட்டும் சூடேறிக் காட்டிக்கொடுக்கும். ஐபிஎம் பலகைகளிலுள்ள டான்டலம் மின்தேக்கிகளுக்கு மூன்று கால்கள் உண்டு. நடுக்கால் நேர்முனை, இருபுறமும் எதிர்முனை என்பதால் எப்பக்கம் திருப்பி வைத்தாலும் முனை மாறுவதில்லை. முனை மாறினால் தீப்பற்றும் ஓர் உறுப்புக்கு இது மிகச் சிறந்த தற்காப்பு. இன்று கிடைக்கும் இருகால் மின்தேக்கியைப் பொருத்துவோர் நேர்முனையை நடுத்துளையிலும் எதிர்முனையை ஓரத்துளை ஒன்றிலும் வைத்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும்; 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

பின்னர் பி8, பி9 இணைப்பிகளை அவற்றின் கருப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து அமையுமாறு செருகி மின்விசையைப் போட்டால், மின்வழங்கி தன் வெளியீடுகள் நிலைபெற்றதை உறுதிசெய்துகொண்டு, பி8இன் முதல் ஊசி வழியே 'மின்சாரம் சரி' என்னும் சைகையை அனுப்புகிறது. 8284ஏ என்னும் கடிகாரச் சில்லு அதுவரை பிடித்து வைத்திருந்த 8088 செயலியை அப்போதுதான் விடுவிக்கிறது. மின்னழுத்தங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் கணினி அசையாவிடில் அடுத்து அளக்க வேண்டியது இச்சைகையையே.

கெடாத டான்டலம் மின்தேக்கிகளையும் முன்னெச்சரிக்கையாக மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. 1980களின் பலகைகளில் செப்புத் தடங்கள் வெப்பத்தால் உரிந்துவிடக்கூடியவை என்பதாலும், மூல உறுப்புகளோடு எஞ்சியிருக்கும் பலகைகள் அருகி வருவதாலும், கெட்டதை மட்டும் மாற்றுவதே மேலான வழியாகும். நெகிழ்வட்டு இயக்கிகளின் பலகைகளிலும் இதே 12 வோல்ட் கோட்டில் இத்தகைய மின்தேக்கிகள் காணப்படுகின்றன. ஆகவே ஒவ்வோர் இயக்கியையும் தனியே தடை அளந்து, குறுக்குச்சுற்று இல்லை என்று உறுதிசெய்த பின்னரே கணினியோடு மீண்டும் இணைக்க வேண்டும்.