தீர்த்தாண்டதானம்: அலை அடங்கிய கடற்கரை

குன்றக்குடி மலைமீது ஏறிச் சண்முகநாதப் பெருமானைத் தரிசித்த அன்பர்கள், மேலே நின்று சுற்றிலும் நோக்கினால் கண்மாய்களும் வயல்களும் செம்மண் மேடுகளுமே தென்படும். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் இம்மலையைக் கடலோடு சேர்த்து எண்ணுவதற்கு இடம் உண்டு. மயிலின் வடிவில் அமைந்திருப்பதால் இதற்கு மயூரகிரி என்று பெயர். சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி நின்றான் என்றும், வேலவன் விடுத்த வேல் அம்மரத்தை இரு கூறாக்க, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் ஆயின என்றும் கந்தபுராணம் கூறும். கடலிலே தோன்றிய மயில் செட்டிநாட்டின் வறண்ட மண்ணில் மலையாக அமர்ந்திருக்கிறது என்று எண்ணி வணங்குவது அன்பர்களுக்கு இனிமை தருவது.

தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, மேற்கு நோக்கிப் பழனிக்கு நடக்கின்றன. அதே ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஆடி, தை அமாவாசை நாட்களில் குடும்பங்கள் கிழக்கு நோக்கிக் கடலுக்குச் செல்கின்றன. மலைக்குச் செல்வது வேண்டுதலுக்காக. கடலுக்குச் செல்வது கடன் தீர்ப்பதற்காக. தந்தைக்கும் தாய்க்கும் அவர்களுக்கு முன்னிருந்தோருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கடன் அது.

இராமேசுவரத்தையும் சேதுக்கரையையும் அறியாதார் இல்லை. ஆனால் முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ள முதியவர்களுக்கு, அமாவாசைக் கூட்டத்தில் நெருக்குண்டு நீராடுவது எளிதன்று. அத்தகையோர்க்கு ஏற்ற கரை ஒன்று அருகிலேயே உள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சிற்றூர் அது. தீர்த்தாண்டதானம் என்பது அதன் பெயர்.

குன்றக்குடியிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாகத் திருவாடானை சென்று, அங்கிருந்து தொண்டிச் சாலையில் கிழக்கே செல்ல வேண்டும். காரில் செல்வோர்க்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். பேருந்தில் செல்வோர் இடையிடையே இறங்கி மாற வேண்டியிருக்கும். விடியற்காலையில் புறப்படுவது நலம். வழியெங்கும் பனைகள், கருவேல மரங்கள், மழையை நம்பி விதைக்கும் புன்செய்கள், நீர் வற்றிய கண்மாய்கள். இந்த வறட்சியைப் பார்த்துக்கொண்டே வருபவர்க்கு, இதே சாலையின் முடிவில் கடல் காத்திருக்கிறது என்பது வியப்பாகவே இருக்கும்.

வழியில் திருவாடானையில் இறங்கி வழிபடாமல் செல்வது முறையன்று. ஆதிரத்தினேசுவரரும் சிநேகவல்லி அம்மையும் எழுந்தருளியுள்ள இத்தலம் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. கடலுக்கு அதிபதியான வருணனின் மைந்தன் வாருணி, துருவாச முனிவரை மதியாது நடந்துகொண்டதால் ஆட்டின் தலையும் யானையின் உடலும் பெற்றுத் துன்புற்றான் என்றும், இங்கு வந்து இறைவனை வழிபட்டுப் பழைய உருவம் பெற்றான் என்றும் தலவரலாறு கூறுகிறது. ஆடும் ஆனையும் சேர்ந்ததால் ஊர் ஆடானை ஆயிற்று. கடலரசனின் மகனே பெரியோரை மதியாமையால் கீழ்நிலை எய்தினான் என்ற செய்தி, பெரியோரை நினைந்து கடலுக்குச் செல்பவர்க்கு ஏற்ற முன்னுரையாக அமைகிறது.

தொண்டி பழைய துறைமுகம். பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை இரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் செல்லத் தொடங்குவதற்கு முன்னர், இலங்கைக்குச் சென்றோர் பலர் தொண்டி, அம்மாபட்டினம் முதலிய துறைகளில் பாய்மரத் தோணி ஏறினர். காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற ஏழை மக்களும் அவர்களுள் இருந்தனர். நகரத்தார்களோ, தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்து பின்னர் இந்த வறண்ட பாண்டிய நாட்டுப் பகுதியில் குடியேறியவர்கள் என்று மரபாகச் சொல்லி வருபவர்கள். கடலருகே இருந்து விலகி வந்தவர்களே மீண்டும் கடல் கடந்து இலங்கை, பர்மா, மலேயா நாடுகளுக்குத் தொழில் செய்யப் போனார்கள். செட்டிநாட்டு இல்லங்களில் இன்றும் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அப்பயணங்களின் சாட்சி. சென்றவர்கள் அனைவரும் திரும்பவில்லை. ஆதலால் இப்பகுதியினர் கடலை நோக்கி நீர் இறைக்கும்போது, அக்கரையில் மறைந்த முன்னோரும் நினைவில் வருவது இயல்பு.

தொண்டியிலிருந்து வடக்கே திரும்பிச் சற்று நேரத்தில் தீர்த்தாண்டதானம் வந்துவிடும். சகல தீர்த்தமுடையவர் என்ற திருநாமத்துடன் ஈசனும், பெரியநாயகி என்ற திருநாமத்துடன் அம்மையும் அருள்புரியும் கோயில் கடலுக்கு அருகிலேயே உள்ளது. சர்வ தீர்த்தேசுவரர் என்றும் சுவாமியைச் சொல்வர். சீதாபிராட்டியைத் தேடி இலங்கை நோக்கிச் சென்ற இராமபிரான் இவ்விடத்தில் தங்கினார். அகத்திய முனிவரின் அறிவுரைப்படி நீராடித் தம் தந்தை தசரதச் சக்கரவர்த்திக்குத் தர்ப்பணம் செய்து ஈசனை வழிபட்டார் என்பது இத்தலத்து ஐதிகம். தந்தையின் இறுதிக் கடனை அருகிருந்து செய்யும் பேறு இராமனுக்கு வாய்க்கவில்லை. அயல்நாட்டில் இருந்தபோது பெற்றோரை இழந்த மக்கள் இந்த வரலாற்றைக் கேட்டு ஆறுதல் அடைவது அதனாலேயே. தொலைவில் இருந்ததால் கடன் தவறிவிடவில்லை. நின்ற இடத்தில் நீர் எடுத்து நினைந்தால் அது சென்றடையும் என்பதை அவதார புருஷனே செய்து காட்டிய தலம் இது.

இக்கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணம் என்பது மேற்றிசைக் கடலோடி வந்த அயல்நாட்டு வணிகரின் குழு. இன்று சில படகுகள் மட்டும் நிற்கும் இக்கரையில் ஒரு காலத்தில் பல நாட்டு வணிகர் கூடி, கோயிலின் நலனிலும் அக்கறை கொண்டிருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கோயிலைக் கடந்து கடற்கரைக்குச் சென்றால் முதலில் உணரப்படுவது அமைதி. பேரலை இல்லை, இரைச்சல் இல்லை. சிற்றலைகள் குளத்துநீர் போல் வந்து மணலைத் தொட்டுத் திரும்பும். கிழக்கே இலங்கையும் தெற்கே இராமேசுவரத் தீவும் அதனைத் தொடரும் மணல்திட்டுகளும் அரண்போல் நிற்பதால், பெருங்கடலின் அலைகள் இந்தப் பாக் கடலுக்குள் முழு வேகத்துடன் நுழைவதில்லை. இக்கடலின் ஆழமும் குறைவு. பெரும்பகுதியில் 15 மீட்டரைத் தாண்டாது. இராமேசுவரம் பகுதி மக்கள் இதனைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைப்பர். ஆடி மாதத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் மேலும் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது இதே கடல் குணம் மாறும். அக்காலத்தில் ஊர் மீனவரிடம் கேட்டறியாமல் நீரில் இறங்கலாகாது.

அமைதியான நாளில், மகனோ பேரனோ கையைப் பிடித்துக்கொள்ள, எண்பது வயதுப் பெரியவரும் இக்கரையில் முழங்கால் அளவு நீரில் அச்சமின்றி நிற்கலாம். படித்துறை இல்லை, இரும்புக் கம்பி இல்லை, வரிசை இல்லை. அமாவாசை தவிர்ந்த நாட்களில் கடைகளும் அதிகம் இரா. கடற்புல் சருகுகள் ஒதுங்கிய மணல், கரையேற்றி வைத்த படகுகள், வலையின் கிழிசலைத் தைக்கும் மீனவர் ஆகியவையே காட்சி. பர்வ நாட்களில் மட்டுமே கடலில் நீராட வேண்டும் என்னும் மரபைப் பின்பற்றுவோர், மற்ற நாட்களில் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கோயிலில் வழிபட்டுத் திரும்பலாம்.

இந்த அமைதிக்கு உரிமையாளர் யார்? இக்கேள்விக்குக் கடல் கடந்த ஒரு தீவில் விடை உண்டு. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாடுக்கு 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் வழியில் வந்த சிவதாஸ் சாது என்ற எளிய தொழிலாளி, வாட்டர்லூ என்ற கடற்கரைச் சிற்றூரில் 1947-ல் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் கரும்பு நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் கோயில் இடிக்கப்பட்டது. அவருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. நிலத்துக்குத்தானே உரிமையாளர் உண்டு, கடலுக்கு இல்லையே என்று எண்ணிய அவர், கல்லையும் மண்ணையும் மிதிவண்டியில் சுமந்து சென்று ஆண்டுக்கணக்கில் கடலுக்குள் கொட்டி, அதன்மீது மீண்டும் கோயில் எழுப்பினார். இன்று அது கடற்கோயில் என்று போற்றப்படுகிறது.

ஒருவருக்கும் சொந்தமில்லாத கடலை அந்த அடியவர் தம் பொறுப்பாக ஏற்றார். ஒருவருக்கும் சொந்தமில்லை என்பதாலேயே அதில் எதையும் எறியலாம் என்று எண்ணுவோரும் உண்டு. நம் தீர்த்தக் கரைகள் பலவற்றில் அமாவாசைக்கு மறுநாள் கிடப்பவற்றைக் கண்டோர் மனம் வருந்துவர். உடுத்திய துணியை நீரிலேயே விட்டால் பாவம் கழியும் என்ற எண்ணத்தில் கழற்றி விடப்பட்ட வேட்டிகளும் சேலைகளும், பூசைப்பொருள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகளும் புட்டிகளும் மணலில் புதைந்து கிடக்கும். தர்ப்பணத்துக்கு வேண்டியவை எள், தர்ப்பை, தண்ணீர், நினைவு. எள் மீனுக்கு உணவாகும், தர்ப்பை மட்கும், தண்ணீர் தண்ணீரோடு சேரும். துணியும் பிளாஸ்டிக்கும் எதனோடும் சேர்வதில்லை. மீனவரின் வலையில் சிக்கி அவருடைய ஒருநாள் உழைப்பைக் கெடுக்கும்.

இக்கடலின் அடியில் கடற்புல் வெளிகள் உள்ளன. அங்கே புல் மேய்ந்து வாழும் சாதுவான விலங்குக்கு மக்கள் இட்ட பெயர் கடற்பசு. அருகிவரும் அவ்வுயிரைக் காக்கத் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தீர்த்தாண்டதானத்துக்கு வடக்கே இதே கடலில் உள்ளது. அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்து முன்னோரை மகிழ்விக்கும் வழக்கமுடைய குடும்பங்கள், கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்தில் பழந்துணியை எறிவது பொருந்துமா? உடுத்திய துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, நல்லதாயின் ஏழைக்கு அளிப்பது முன்னோர் பெயரால் செய்யும் தானமாகும்.

இதில் குன்றக்குடியினர்க்கு வழிகாட்டி வெளியே தேட வேண்டியதில்லை. கோயிலும் அதனைச் சுற்றி வாழும் குடிகளும் சேர்ந்தே சிறக்க வேண்டும் என்று வலியுறுத்தி, குன்றக்குடியிலேயே கிராமத் திட்டம் கண்டவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார். அந்த நெறிப்படி பார்த்தால், தீர்த்தக் கரை என்பது யாத்திரிகர் வந்துபோகும் இடம் மட்டுமன்று. அங்கு வாழும் மீனவக் குடும்பங்களின் வாசல். வாசலைத் தூய்மையாக வைத்திருப்பது விருந்தினரின் கடமையும் ஆகும்.

செல்ல விரும்பும் மூத்தோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். குடிநீரும் எளிய உணவும் துணிப்பையில் எடுத்துச் செல்வது நலம். அமாவாசை அல்லாத நாளில் திதி கொடுக்க விழைவோர், புரோகிதருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தனியே நீரில் இறங்கலாகாது. மருந்துகளை வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும். நெடுநேரம் உபவாசம் இருக்க இயலாதவர் மருத்துவர் சொற்படி நடப்பதில் தோஷம் இல்லை. கூடுமானவரை பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கரையில் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லக் கேட்ட பிள்ளை, அதை மறப்பதில்லை. நாளை அப்பிள்ளை எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அங்குள்ள ஏதேனும் ஒரு கரையில் கை நிறைய நீர் எடுக்கும்போது, சொல்ல வேண்டிய பெயர்கள் அதற்குத் தெரிந்திருக்கும்.