கேட்பதற்கும் செலவுண்டு

கம்பியில்லா உணர்கருவிகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதினால் மாணாக்கர் தலையசைப்பர். விளங்கிற்றா என்பது வேறு விஷயம். ஆதலால் எம் பொறியியல் மாணாக்கரிடம் கருவிகளையே கொடுத்து, தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பச் செய்தோம். நான்காம் நாள் அத்தனையும் ஊமையாயின. “அரைமணிக்கு ஒருமுறைதானே சேர் பேசின!” என்றனர். பேசாத நேரமெல்லாம் றேடியோ செவிதிறந்து காத்திருந்ததே! கேட்பதற்கும் ஏறக்குறையப் பேசுமளவு மின்சக்தி செலவாகும். “செத்த கருவிக்குப் புள்ளி உண்டா?” காரணத்தைத் தாமே அளந்து எழுதினால் உண்டென்றோம்.

2002இல் அமெரிக்காவின் மேயின் கரையோரத்துக் கிரேட் டக் தீவிலே, கடற்பறவைகளின் வளைகளைக் கவனிக்க 32 கருவிகள் வைத்தார்கள். அடைகாக்கும் பறவையைக் கலைத்துப் பற்றரி மாற்றலாகுமா? பெரும்பொழுது அவை உறங்கின.

எம் மாணாக்கரும் இப்போது கருவிகளை உறங்க வைத்துவிட்டனர். யாவும் ஒரே கணத்தில் விழிக்கவேண்டுமே! அவற்றின் கடிகாரங்களோ ஒன்றுக்கொன்று மெல்ல விலகுகின்றன. இவ்வாரம் அதனோடுதான் மல்லாடுகின்றனர்.