மொட்டை மாடியும் மாசம் பத்தாயிரமும்

 

ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு யாகி ஆன்டெனா இருக்கு. அம்மா பாஷையில "காக்கா உக்கார்ற கம்பி". தெற்கே ராஜகோபுரம், தலைக்கு மேலே சர்வதேச விண்வெளி நிலையம். 145.800 மெகாஹெர்ட்ஸில் பத்து நிமிஷம் அதைத் துரத்துறதுதான் நம்ம பொழுதுபோக்கு.

போன மாசம் திருச்சியில தெரிஞ்சவர் மூலமா ஒரு கம்பெனிக்காரர் பேசினார். "எங்க செயற்கைக்கோளுக்கு உங்க ஸ்டேஷன்லேர்ந்தே கட்டளை அனுப்புங்க சார், மாசம் பத்தாயிரம்." தங்கச்சி கல்யாணக் கடன் இன்னும் பாக்கி. சபலப்பட்டது நிஜம்.

ராத்திரி விதிகளைப் புரட்டினேன். அமெச்சூர் வானொலிக்கான சர்வதேச வரையறையே சொந்த ஆர்வத்துக்கு மட்டும், பண நோக்கம் கூடாது என்பதுதான். இந்தியாவோட 1978 விதிகளும் அதையே சொல்லின. கம்பி என்னுது, அலைவரிசை என்னுதில்லை. வியாபாரம்னா அதுக்குத் தனி அலைவரிசை, தனி அனுமதி.

2005 மே 5-ல் இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் 42.5 கிலோதான். 2014 வரை லைசென்ஸ் உள்ள எந்த ஹாமும் அது வழியா காசில்லாம பேசலாம். காசு நுழைஞ்சா, கொடுக்கறவனுக்குத்தான் வானம்.

"முடியாதுங்க"ன்னுட்டேன். அம்மாகிட்ட சொன்னேன். "சரி விடு. முதல்ல கம்பியைப் பாரு, குரங்கு தொங்குது" :-)