கோலம் மறைத்த சாட்சி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கும் சாணார்பட்டியில், நமது வீட்டில் சில வருஷங்களுக்கு முன் ஒரு திருட்டு நடந்தது. போனது ஆறு பவுன் சங்கிலி ஒன்றும் ஒரு ஜதை வளையலுந்தான். அந்தக் கதையைச் சொல்லி நேயர்களின் அநுதாபத்தைச் சம்பாதிப்பது நமது நோக்கமல்ல. அன்று காலை போலீஸார் வந்து சேருவதற்குள் நாம் என்னென்ன காரியங்களைச் செய்து முடித்தோம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். திருடன் செய்ததைக் காட்டிலும் நாம் செய்தது அதிகம்.

நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். விடியற்காலையில் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தால், வாசற்கதவு ஒருக்களித்துத் திறந்து கிடக்கிறது! பூட்டோ அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வமிசத்தில் பிறந்தது. அந்தப் பூட்டைத் திருடன் தொடவே இல்லை. அதன் பெருமை அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டு மாட்டியிருந்த கொண்டியைக் கடப்பாறையால் நெம்பி, நிலைக்கட்டையோடு பெயர்த்து எடுத்திருந்தான். பூட்டு, பூட்டியது பூட்டியபடியே, கொஞ்சமும் கௌரவம் குறையாமல் தரையில் கிடந்தது.

நாமெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அப்பத்தா ஒருவர்தான் தம் கடமையை மறக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. நகை போய்விட்டது என்பதற்காக வாசல் வெறுமனே கிடக்கலாமா? சாணம் கரைத்துத் தெளித்தார், பெருக்கினார், புள்ளி வைத்துக் கோலமும் போட்டார். முதல் நாள் சாயங்காலம் பெய்த மழையில் வாசல் மண் பிசைந்த மாவைப் போல் பதமாக இருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம். இதற்குள் அக்கம்பக்கத்தார் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் பீரோவின் கதவைத் திறந்து மூடிப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் கதவைத் தொடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? நமது தமையனார் மகா சுறுசுறுப்பானவர். உடைந்த நிலையோடு வீட்டை எப்படி விட்டு வைப்பது என்று ஆசாரியை அழைத்து வந்து, அடிபட்ட பாகத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கட்டை பொருத்தச் செய்துவிட்டார். மணி பத்து ஆவதற்குள் வீடு, திருட்டுப் போன வீடு என்று யாரும் சொல்ல முடியாதபடி லட்சணமாகிவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலிலேயே நின்று கோலத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"இது எப்பொழுது போட்டது, அம்மா?"

"விடிந்ததும் போட்டேன், தம்பி. திண்ணையோரத்தில் ஒரு சேற்றுக்கால் அப்பியிருந்தது. அதைத்தான் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்" என்றார் அப்பத்தா, பெருமையுடன்.

"அப்படியானால் இனி நான் யாரை விசாரிக்கிறது?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி அப்பொழுது நமக்கு விளங்கவில்லை. நாற்பது பேர் நிற்கிறார்களே, விசாரிக்க ஆளா இல்லை என்று நினைத்தோம். அவர் தேடிய சாட்சி வேறு. ஈர மண்ணில் பதிந்த காலடிக்குள் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினால், அது இறுகி அந்தக் காலின் வார்ப்பாகவே வந்துவிடும். பாதத்தின் நீளம், விரல்களின் அமைப்பு எல்லாம் அதில் தெரியும். கடப்பாறையும் அப்படியே. ஒரே பட்டறையில் அடித்த இரண்டு கடப்பாறைகள் பார்வைக்கு ஒன்று போலிருக்கலாம். ஆனால் உபயோகத்தில் அவற்றின் முனையில் விழுந்த பொளிவுகளும் கீறல்களும் வெவ்வேறு. மரத்தில் பதிந்த கீறல்களை, சந்தேகப்பட்ட கடப்பாறை புதிதாக உண்டாக்கும் கீறல்களோடு பூதக்கண்ணாடியில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று சொல்லிவிடலாம். ஆகையால் அறுத்தெடுத்த மரத்துண்டையாவது கொடுங்கள் என்று கேட்டார். தேடினோம். அது வெந்நீர் அடுப்பில் பாதி எரிந்திருந்தது.

பீரோவின் மேல் பொடி தூவிப் பார்த்தார்கள். விரல் நுனியின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த இடத்தில் பொடி ஒட்டிக்கொண்டு ரேகையைக் காட்டும். காட்டத்தான் செய்தது: ஒன்றன் மேல் ஒன்றாக, தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் ரத வீதியில் கிடக்கும் காலடிகளைப் போல்!

தடயங்கள் போய்விட்டன, மிஞ்சியது வாய். நமது மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பையன் முதல் நாள் சாயங்காலம் தெருவில் நடந்ததை ஒருவர் பார்த்திருந்தார். அவன் தயங்கித் தயங்கி நடந்தான் என்றார் இன்னொருவர். நமது வீட்டை அவன் உற்றுப் பார்த்தான் என்றார் மூன்றாமவர். சாயங்காலத்துக்குள் அவன் சுவரேறிக் குதித்ததைக் கண்ணால் கண்டவர்களே இரண்டு பேர் ஏற்பட்டுவிட்டார்கள். பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லவில்லை. மனிதனுடைய ஞாபகம், கேட்டதையும் கண்டதையும் கலந்து வைக்கும் பாத்திரம். போலீஸார் பையனை விசாரித்து, ஆதாரம் ஒன்றும் இல்லையென்று அன்றே விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. நாமும் விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறு வாரம் தோப்புக்கு வேறு ஆள் வைத்தோம்.

பக்கத்து மதுரையில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் விசாரணையை அப்புறம் பல தடவை நினைத்துக்கொண்டோம். பொற்கொல்லன் ஒருவனுடைய வாய்ச்சொல். அதன் மேல் தண்டனை. தேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பரிசோதனை நடந்ததென்னவோ வாஸ்தவந்தான்; கோவலன் வெட்டுண்ட பிறகு நடந்தது.

ஒன்றையொன்று தொடும் பொருள்கள் ஏதாவதொரு சுவட்டை விட்டே பிரிகின்றன என்னும் தத்துவத்தை, பிரான்ஸ் தேசத்து லியான் நகரில் 1910-ஆம் வருஷத்தில் ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்ட் லோகார்டின் பெயரால் வழங்குகிறார்கள். ஆனால் இந்த சாஸ்திரம் முழுவதும் மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்று நினைப்பது பிசகு. விஷங்களைப் பரிசோதிக்கும் ரசாயனப் பரிசோதகர் கூடம் நமது சென்னையில் 1849-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டது. விரல் ரேகைக் காரியாலயம் 1897-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் தோன்றியது. ஸ்காட்லாந்து யார்டில் அந்த முறை ஏற்பட்டது 1901-ல்தான். ரேகைச் சீட்டுகளை 1,024 அறைகளில் பிரித்து வைத்து, வேண்டிய சீட்டை நொடியில் எடுக்கும் கணக்கை வகுத்ததில் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உத்தியோகஸ்தர்களின் மூளை பெரும் பங்கு வகித்தது. முறைக்கு வைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றி துரையின் பெயர்! மூளை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது அந்தக் காலத்துச் சம்பிரதாயம்.

அந்தக் காரியாலயத்தின் ஆரம்ப காலத்து வழக்கு ஒன்று உண்டு. வங்காளத்து ஜல்பைகுரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைந்து பணம் போயிருந்தது. பெட்டியில் இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் நீல அட்டையில் மங்கலாகப் பழுப்புக் கறை. முன்பு அவரிடம் வேலை பார்த்துத் திருட்டுக்காகச் சிறை சென்ற ஒருவனுடைய வலது கட்டைவிரல் ரேகை அது என்று சீட்டுகளிலிருந்து கண்டுபிடித்தார்கள். 1898-ஆம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று. என்ன தீர்ப்பு என்பதுதான் விசேஷம். திருட்டுக்குத் தண்டனை கொடுத்தார்கள். கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்துவிட்டார்கள். அவன் பெட்டிக்குள் கை விட்டான் என்பதற்கு ரேகை சாட்சி; கத்தி பிடித்ததற்கு அது சாட்சியல்ல. தனக்குத் தெரிந்ததை மாத்திரம் சொல்லி, தெரியாததற்கு மௌனமாயிருக்கும் சாட்சியை நமது தெருவில் நாம் கண்டதில்லை.

நம் பக்கத்தார் மறக்க முடியாதது ஆளவந்தார் வழக்கு. 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி துர்நாற்றம் வீசிற்று. மானாமதுரையில் இறக்கித் திறந்தால், உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. இரண்டுக்கும் இடையே முந்நூறு மைலுக்குக் கிட்டத்தட்ட தூரம்! இரண்டும் ஒரே மனிதருடையவை என்று சென்னை வைத்தியக் கல்லூரியின் சட்ட வைத்தியப் பேராசிரியர் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் பரிசோதித்துக் கூறினார். காதிலிருந்த துளைகளையும் பல்லின் அமைப்பையும் கொண்டு மனைவி அடையாளம் சொன்னார். ஆளவந்தார் ஒரு காலத்தில் ராணுவ உத்தியோகத்தில் இருந்தவராகையால், அங்கே இருந்த விரல் ரேகைப் பதிவும் பிரேதத்தின் ரேகையோடு ஒத்துப்போயிற்று. கொன்றவர்கள் பெயர் தெரியாத பிணமாக்கப் பார்த்தார்கள்; விரல் தன் பெயரைச் சொல்லிவிட்டது.

அந்தப் பெட்டி திறந்த இடத்திலும் ஒரு ஜாக்கிரதைக்காரர் சுற்றி நின்றவர்களை விலக்கியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. நமது வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாமற் போனார்கள். வேண்டியதெல்லாம் கதவண்டை ஒரு கயிறு கட்டி, ஒருவரை நிறுத்துவதுதான். ரத்தம் தோய்ந்த துணி கிடைத்தால் அதை பிளாஸ்டிக் பையில் திணிக்கக் கூடாது, ஈரத்தில் கெட்டுப்போகும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடிக்க வேண்டும் என்பதுகூட அந்த சப்-இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரிந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டங்களில் (பெயர்களை உச்சரிக்க நமக்கு இன்னும் பழகவில்லை) ஒரு நல்ல விதி இருக்கிறது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால், தடய அறிவியல் நிபுணர் ஸ்தலத்துக்கே வந்து தடயம் எடுக்க வேண்டும். எடுப்பதைப் படமும் பிடிக்க வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர ராஜ்ய சர்க்கார்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். நிபுணர் மதுரையிலிருந்து வரட்டும், திண்டுக்கல்லிலிருந்தே வரட்டும். அவர் வருமுன் வாளித் தண்ணீர் வந்துவிடுமே என்பதுதான் நமது கவலை.

திருடன் அகப்படவில்லை. நகையும் கிடைக்கவில்லை. பையன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு காலை அவனுடைய தாயார் வந்தாள். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போக வந்தேன், ஐயா. எம் மகனுக்கு வலது காலிலே சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயசிலே கிணத்து மேட்டுக் கல் விழுந்து போனது. அன்னிக்குத் திண்ணையோரத்திலே இருந்ததே சேத்துக்கால், அதிலே எத்தனை விரல் இருந்தது?"

நாம் அப்பத்தாவைப் பார்த்தோம். அப்பத்தா வாயைத் திறக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்ட கோலம் அப்பொழுதுதான் காய்ந்துகொண்டிருந்தது.