அடும்புக் கொடியும் என் அவசரமும்

தலைப்பிரசவம் முடிந்து, ஐந்து மாதக் குழந்தையுடன் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊருக்குத் திரும்பியிருந்தேன். வாசலுக்கு எதிரே மணல்மேடு முழுக்க அடும்புக் கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை. காலையில் விரிந்து அன்றே வாடிவிடும் ஊதாப் பூ.

"பிள்ளை தவழ ஆரம்பிச்சா பூச்சிபொட்டு வருமே!" என்று பிடுங்கப் போனேன்.

"மணலைக் கட்டிப் போட்டிருக்கிறதே அதுதாம்மா" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. கடற்காற்றில் கிளம்பிய மணல் சோற்றுப் பானை வரை வந்தது. குழந்தைக்குக் கண் சிவந்து வீங்க, டாக்டரிடம் ஓடினோம்.

மாமியார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலியோரம் மிஞ்சியிருந்த கொடியை நறுக்கி, கணு புதையும்படி நட்டார். கணுவுக்குக் கணு வேர் இறங்கியது. அடுத்த வருஷம் மேடு மறுபடி பச்சை!

கடலோரச் சகோதரிகளே, களை என்று அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.