உடம்பு கிடைக்காதவருக்கும் ஒரு வீடு

எங்கள் நெட்டுக்குப்பத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான் வரும். இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர். கரையில் கிடக்கும் பாறைகள்கூட கடல் அரிப்பைத் தடுக்க லாரியில் கொண்டுவந்து கொட்டியவை. அதனால் பூமிக்கு அடியில் கல்லால் வீடு இருக்கும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

அதைச் சொன்னவர் அக்கா வீட்டுக்காரர். கப்பலில் வேலை. மத்திய தரைக்கடலில் உள்ள மால்டா தீவில் கப்பல் நின்றபோது வீடியோ காலில் வந்தார். "இங்க ஒரு பாதாள வீடு இருக்கு அத்தை. ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுவாங்களாம். எனக்கு டிக்கெட் கிடைக்கலை" என்றார் அம்மாவிடம்.

ஹல் சஃப்லீனி என்பது அந்த இடத்தின் பெயர். 1902-ல் வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி வெட்டிய தொழிலாளர்கள் அதைக் கண்டார்கள். சுமார் 6,000 வருடங்களுக்கு முன், இரும்பையே அறியாத மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடையத் தொடங்கி, மூன்று அடுக்கில் அறைகளும் நடைவழிகளும் அமைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7,000 பேரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்களின் மூச்சுக்காற்றே உள்ளே இருக்கும் சிவப்பு ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால்தான் அந்த 80 பேர் கணக்கு.

"செத்தவங்களுக்கா அவ்ளோ பெரிய வீடு?" என்று கேட்ட அம்மா, அப்புறம் பேசவில்லை. 16 வருடங்களுக்கு முன் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். படகு கிடைத்தது; அவர் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை 7 வருடம் கழித்துத்தான் இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அம்மா பொட்டை எடுக்கவில்லை. சான்றிதழ் கைக்கு வந்த பிறகும், மாலை போட எங்களுக்கு ஒரு மண்மேடு இல்லை.

"நம்ம பக்கம் அந்த மாதிரி எதுவும் இல்லையா?" என்று மறுநாள் அம்மா கேட்டார். தேடிப் பார்த்தேன். செங்கல்பட்டைத் தாண்டி, சாணூரில் இருந்தது. எண்ணூரில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி இரண்டு பேரும் கிளம்பினோம்.

மேலே பார்த்தால் வட்டமாக வைத்த பாறைகள், அவ்வளவுதான். விஷயம் அடியில் இருக்கிறது. 1950-லும் 1952-லும் தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு செய்தார்கள். சுடுமண் ஈமப்பேழைகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் கிடைத்தன. தமிழ்நாட்டில் இன்னும் பல இடங்களில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்டு அறைகளே கட்டியிருக்கிறார்கள். கல்பதுக்கை என்று பெயர். 2,000 வருடங்களுக்கும் மேல் பழையவை. இறந்தவரை நிலத்தடி அறையில் அடைக்கும் வழக்கத்தை மணிமேகலையும் சொல்கிறது. அந்த மக்கள் குடியிருந்த மண் வீடுகள் கரைந்துவிட்டன. இறந்தவர்களுக்குக் கட்டியவைதான் மிச்சம்.

"முழு உடம்பையும் வைக்கிறது குறைவும்மா. பொறுக்கின எலும்புதான் நிறைய இருக்கும். சிலதுல எலும்பே கிடையாது. ஞாபகத்துக்காகக் கட்டியிருப்பாங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

அம்மா ஒரு பாறையைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு கிடைக்காதவங்களுக்கும் கட்டியிருக்காங்களா? இதை ஒருத்தரால நகர்த்த முடியாதுடி. படகு இழுக்கிற மாதிரி ஊரே சேர்ந்து இழுத்திருக்கும்."

இப்படிப்பட்ட கல்வட்டங்கள் பல ஊர்களில் குவாரிக்கும் வீட்டு மனைக்கும் போய்விட்டன. எங்கள் கரைக்கு வரும் லாரிக் கல்லைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான் வருகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் பாறைகள் வட்டமாகக் கிடந்தால், புல்டோசர் வருவதற்குள் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அம்மா, அப்பாவின் பழைய நங்கூரக் கல்லை வீட்டுப் பின்புறம் பூவரச மரத்தடியில் நிறுத்தினார். ஆடி அமாவாசையன்று அதன் முன்னால் விளக்கேற்றினார். அடுத்த தெரு அத்தை வந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுக்காரரும் கடலிலிருந்து திரும்பாதவர்.

"என் வீட்டுக்காரருக்கும் இங்க ஒண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா விளக்கைச் சற்று நகர்த்தி இடம் விட்டார்.